ஊர் மாறியாச்சு, அடுத்த கோல்ஃப் கிளப் எது? முதல் ஒரு வருஷம் பணம் கட்டாதீங்க!

பெங்களூருவில் இருந்து சென்னைக்கு வேலை மாறுகிறது. வாடகை வீடு, பிள்ளைகளுக்கு ஸ்கூல், கேஸ் இணைப்பு எல்லாம் ஒருவழியாக முடிந்துவிடும். கோல்ஃப் ஆடுபவர்களுக்கு மட்டும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும்: இங்கே எந்த கிளப்பில் சேர்வது?

பலரும் வந்த வேகத்திலேயே முடிவெடுக்கிறார்கள். பச்சைப்பசேல் புல்தரை, பாரம்பரியமான பெயர், ஆபீஸில் பெரிய பதவியில் இருப்பவர் அங்கே உறுப்பினர். போதாதா? உடனே விண்ணப்பம். ஆனால், பெரிய கிளப்களின் நுழைவுக் கட்டணம் லட்சங்களில் ஓடும். பெரும்பாலும் அது திரும்ப வராத பணம். அதனால், ஊருக்கு வந்த முதல் ஆண்டில் எங்கும் சேராமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

நிலம் யாருடையது?

யாரும் கேட்காத கேள்வி இது. முதலில் கேட்க வேண்டியதும் இதுதான். கிண்டியில் நடந்ததைப் பாருங்கள். மெட்ராஸ் ரேஸ் கிளப்பிடம் இருந்த சுமார் 160 ஏக்கர் அரசு நிலம், 1945-ல் தொடங்கிய 99 ஆண்டு குத்தகையில் இருந்தது. கணக்குப்படி 2044 வரை ஓடியிருக்க வேண்டும். வாடகை பாக்கியைக் காரணம் காட்டி, 2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொண்டது. அந்த ரேஸ் கோர்ஸ் வளாகத்துக்குள்தான் மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் 18 ஹோல் கோல்ஃப் மைதானம் இருந்தது. குத்தகை ஒரு கிளப் பெயரில், ஆடியவர்கள் இன்னொரு கிளப்பின் உறுப்பினர்கள். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது.

கட்டிய பணத்துக்கு என்ன வழி என்று உறுப்பினர்கள் கவலைப்படுவது நியாயம்தான். அதே நேரம், நகரின் நடுவில் இவ்வளவு பெரிய பொதுநிலம் சில ஆயிரம் பேருக்கு மட்டும் எதற்கு என்ற கேள்வியும் நியாயம்தான். மழைநீரைத் தேக்க அங்கே குளங்கள் வெட்டியபோது வேளச்சேரிக்காரர்கள் யாரும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள். இந்தியாவின் பழைய கோல்ஃப் மைதானங்களில் பல, அரசு நிலத்தில் குத்தகைக்கு நிற்பவை. ஆகவே, சேரும் முன் கிளப் அலுவலகத்தில் நேராகவே கேட்டுவிடலாம்: குத்தகை யார் பெயரில் இருக்கிறது, எத்தனை ஆண்டு மிச்சம், வழக்கு ஏதாவது நடக்கிறதா? பதில் மழுப்பலாக வந்தால் அதுவே பதில்.

ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நுழைவுக் கட்டணம் 5 லட்சம் ரூபாய், பத்து ஆண்டு இந்த ஊரில் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டால், மாதம் இரண்டு முறை ஆடினால் ஒரு ஆட்டத்துக்கு சுமார் 2,083 ரூபாய் ஆகிறது. மாதம் ஒருமுறைதான் போக முடிகிறது என்றால் 4,166. சந்தா, ஜிஎஸ்டி, கேடிக்குத் தரும் பணம் எல்லாம் இதற்கு மேல். மூன்றே வருடத்தில் மறுபடி ஊர் மாறினால்? ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாதம் எத்தனை முறை ஆடுவீர்கள் என்பதைத் தீர்மானிப்பது ஆசை அல்ல, தூரம். சிறுசேரியில் வீடு, மைதானம் நந்தனத்தில் என்றால் ஒரு வழிக்கே 25 கிலோமீட்டருக்கு மேல். 18 ஹோல் ஆட நான்கு மணி நேரமாவது வேண்டும். போக, வர, குளிக்க, சாப்பிட என்று சனிக்கிழமை பாதி காலி. வீட்டில் எத்தனை வாரம் பொறுத்துக்கொள்வார்கள்? வேலை நாளில் காலையில் 9 ஹோல் மட்டும் ஆடிவிட்டு ஆபீஸ் போக முடிகிற மைதானம், சுமாரானதாக இருந்தாலும், தூரத்தில் இருக்கும் அழகான மைதானத்தைவிட மேல்.

அடுத்தது டீ டைம். அதாவது, ஆட்டத்தைத் தொடங்க ஒதுக்கப்படும் நேரம். வார இறுதியில் விடிகாலை நேரங்கள் பழைய உறுப்பினர்களின் குழுக்களுக்கே போய்விடும் கிளப்கள் உண்டு. புதிதாகச் சேர்ந்தவருக்கு வெயில் உச்சிக்கு ஏறிய பிறகுதான் இடம் கிடைக்கும் என்றால், சென்னை மே மாதத்தில் அதை யாருக்காவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள்.

இதெல்லாம் கிளப் இணையதளத்தில் இருக்காது. கேடிகளைக் கேட்டால் தெரியும். மழை விட்ட மறுநாள் எந்த ஹோலில் தண்ணீர் நிற்கும், நவம்பரில் எத்தனை நாள் மூடிக் கிடக்கும், புது ஆட்களை யார் சேர்த்துக்கொண்டு ஆடுவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கேடிகளை அந்த கிளப் எப்படி நடத்துகிறது, ஒதுங்க நிழலும் குடிக்கத் தண்ணீரும் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். அங்கேயே அலட்சியம் காட்டும் நிர்வாகம், புது உறுப்பினரின் புகாரை மட்டும் காது கொடுத்துக் கேட்குமா என்ன?

அந்த ஒரு வருஷம் ஆடாமல் இருப்பதா?

தேவையில்லை. பழைய கிளப்புக்கும் புது ஊர் கிளப்புக்கும் பரஸ்பர ஒப்பந்தம் இருந்தால் விருந்தினராக ஆடலாம். இல்லாவிட்டால் உறுப்பினரான நண்பருடன் போய், கட்டணம் செலுத்தி ஆடலாம். ஒரு கோடை, ஒரு வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பார்த்துவிட்டால் மைதானத்தின் ஜாதகமே தெரிந்துவிடும்.

ஹேண்டிகேப் போய்விடுமோ என்ற பயமும் வேண்டாம். 2020-ல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில், கடைசி 20 ஸ்கோர்களில் சிறந்த எட்டை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அந்தப் பதிவு ஆட்டக்காரருடையது. கிளப் மாறினால் கூடவே வரும்.

விண்ணப்பிக்கிற கட்டத்திலும் இந்தக் காத்திருப்பு உதவும். பெரும்பாலான கிளப்களில் முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும். ஊருக்கு வந்த முதல் மாதத்தில் அப்படி இருவரைத் தேடினால் ஆபீஸ் மேலதிகாரியின் தயவில்தான் போய் நிற்க வேண்டும். ஒரு வருஷம் சேர்ந்து ஆடியவர்கள் தாங்களாகவே கையெழுத்துப் போடுவார்கள்.

பெங்களூரு வீட்டைக் காலி செய்யும் வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பழைய கிளப்பில் ராஜினாமா கடிதம் கொடுத்துவிடாமல், வெளியூர் உறுப்பினராக மாற்றச் சொல்லி செயலாளருக்கு எழுதுங்கள். பல கிளப்களில் அதற்குச் சந்தா குறைவு. ஹேண்டிகேப் பதிவும் அறுந்துபோகாது.