சீல் மாற்றியும் ஆயில் ஒழுகுகிறதா?

கொடைக்கானல் மேல்மலையில் கேரட்டும் பூண்டும் விளைவிக்கும் வாசகர் ஒருவர், தமது பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் பற்றிக் கேட்டிருக்கிறார். கியர் பாக்ஸுக்குப் பின்னால் உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸில் ஆயில் ஒழுகியதால், தை மாதம் பின்பக்க ஆயில் சீலை மாற்றினார். ஆடி பிறப்பதற்குள் அதே இடத்தில் மறுபடியும் ஈரம். மேட்டில் ஹேண்ட் பிரேக்கும் பிடிப்பதில்லை. சீல் மட்டமா, வேலை மட்டமா என்பது அவர் கேள்வி.

இரண்டுமே காரணமாக இல்லாமலும் இருக்கலாம். முதலில் ஹேண்ட் பிரேக்கைக் கவனியுங்கள். பழைய ஜீப் வழி வந்த வண்டிகளில் ஹேண்ட் பிரேக் டிரம் சக்கரத்தில் இருக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்க ஷாஃப்டில் இருக்கும். கசியும் ஆயில் அதற்குள் இறங்கி லைனிங்கை நனைத்துவிடும். பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடுவது வேலைக்கு ஆகாது, லைனிங்கைப் புதிதாகவே மாற்ற வேண்டும். அதுவரை சரிவில் மூட்டையோடு வண்டியை நிறுத்தாதீர்கள்.

இனி சீல். டிரான்ஸ்ஃபர் கேஸின் மேல்புறம் பிரீதர் என்ற சிறு காற்றுத் துளை உண்டு. சேறு படிந்து அது அடைத்தால், சூடேறிய காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியே தள்ளும். எத்தனை சீல் மாற்றினாலும் ஒழுகும். காசில்லாமல் சரிசெய்யக்கூடிய இதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. அளவுக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தாலும் இதே கதைதான். வண்டி சமதளத்தில் நிற்கும்போது, நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நின்றால் போதும்.

பிரீதர் சரியாக இருந்தால் சீலைக் கழற்றலாம். சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் இருபுறமும் கட்டை கொடுங்கள். இதில் அலட்சியம் கூடாது. பின்பக்க ஷாஃப்டைக் கழற்றிவிட்டால், கியரில் போட்டிருந்தாலும் பின் சக்கரங்கள் சும்மா உருளும். ஷாஃப்டில் உள்ள ஹேண்ட் பிரேக்கும் அப்போது உதவாது. கீழே படுத்திருப்பவர் மேல் வண்டி ஏறிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது.

ஆயிலை இறக்குவதற்கு முன், நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். அது துருப்பிடித்து இறுகியிருந்தால், ஆயிலை இறக்கிய பிறகு திரும்ப ஊற்ற வழியில்லாமல் வண்டி அங்கேயே நின்றுவிடும். இறக்கிய ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். வெள்ளிப் பூச்சு போலிருந்தால் சாதாரணத் தேய்மானம். விரலில் நெருடும் துகள் இருந்தால் பேரிங்கையோ பல்சக்கரத்தையோ பார்க்க வேண்டும்.

ஷாஃப்டும் ஃபிளேஞ்சும் சேரும் இடத்தில் பெயின்ட் கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள். அதே நிலையில் பொருத்தாவிட்டால் ஓட்டும்போது அதிரும். பிறகு கேஸிலிருந்து நீளும் ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. ஆடும் ஷாஃப்டில் எந்தச் சீலும் நிற்காது. அடுத்து, ஃபிளேஞ்சில் சீல் உதடு உரசும் இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், புது ஃபிளேஞ்ச் வாங்குங்கள் அல்லது மெல்லிய ஸ்லீவ் ஏற்றுங்கள். சில மாதத்திலேயே மீண்டும் ஒழுகினால் இந்தப் பள்ளத்தையும் பேரிங்கையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பழைய சீலைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றும் மில்லிமீட்டரில் அதன் மேல் இருக்கும். புதுச் சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆயிலைப் பார்க்கும்படி வையுங்கள். உளியால் ஒரு பக்கமாகத் தட்டினால் சீல் கோணிவிடும். அதன் வெளிவிட்டத்துக்குப் பொருந்தும் குழாய்த் துண்டை வைத்துச் சமமாகத் தட்டி இறக்குங்கள். நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும், எந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றுக்குக் கியர் ஆயில், சிலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கான மெல்லிய ஆயில். வண்டியோடு வந்த கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள்.

அடிப்பாகத்தைத் துடைத்துவிட்டு, வத்தலக்குண்டு வரை ஒரு நடை இறங்கி ஏறி வந்து பாருங்கள். ஈரம் தெரியாவிட்டால், அதன் பிறகு புது லைனிங்கை மாட்டலாம்.