ஊசியைப் பூட்டி வைத்த ஊர்கள்

போதை ஊசி போட்டுக்கொள்பவர் கையில் புதிய சிரிஞ்சைக் கொடுப்பது, குடிகாரனுக்கு டம்ளர் கழுவிக் கொடுப்பது போன்ற காரியம் என்று நினைப்பவர்களே அதிகம். ஊசி கிடைத்தால் போதை வளரும், கிடைக்காவிட்டால் தானே ஒழியும் என்பது அவர்கள் போடும் கணக்கு. ஊசி கிடைக்காமல் செய்து பார்த்த ஊர்கள் உண்டு. அங்கே நடந்தது இந்தக் கணக்கைப் பொய்யாக்குகிறது.

1980களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் ஹெராயின் தாராளமாகப் புழங்கியது. அதே சமயத்தில் போலீஸ் நெருக்கடியால் சிரிஞ்சு விற்பனை நின்றுபோனது. தெருச் சோதனையில் பையிலிருந்து சிரிஞ்சு வந்தால் பறிமுதல்தான். சொந்தமாக ஒன்றை வைத்துக்கொள்ளவே பயந்தவர்கள், யாரோ ஒருவர் வீட்டில் கூடி இருக்கிற ஒன்றையே கை மாற்றிக் குத்திக்கொண்டார்கள். நகரத்தின் முயர்ஹவுஸ் பகுதியில் ராய் ராபர்ட்சன் என்ற மருத்துவரிடம் வந்த ஹெராயின் பழக்கமுள்ளோரின் ரத்தம், மஞ்சள் காமாலைப் பரிசோதனைக்காக எடுக்கப்பட்டுப் பத்திரமாக இருந்தது. எச்.ஐ.வி. பரிசோதனை புழக்கத்துக்கு வந்ததும் அந்த ரத்தத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். 164 பேரில் 51 சதவீதம் பேருக்குத் தொற்று இருந்தது. 1983 வாக்கிலேயே கிருமி நுழைந்துவிட்டதும் தெரியவந்தது. முடிவுகள் 1986இல் வெளியாயின. ஒரு மணி நேர ரயில் பயணத்தில் கிளாஸ்கோ இருக்கிறது. அங்கேயும் ஹெராயினுக்குக் குறைவில்லை. ஆனால் ஊசி இவ்வளவு கெடுபிடிக்கு ஆளாகவில்லை. தொற்று நூற்றுக்கு ஐந்து பேர் என்ற அளவை ஒட்டியே நின்றது. எடின்பரோவில் ஊசியைப் பூட்டியதால் ஹெராயின் குறைந்ததா என்றால், அதுவும் இல்லை. 1986இலேயே ஸ்காட்லாந்தில் அரசு அமைத்த குழு ஒன்று புதிய ஊசி வழங்கச் சொல்லிப் பரிந்துரைத்தது.

ஒரே ஊசி ஏன் இவ்வளவு கேடு செய்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்த்தால்தான் புரியும். நரம்பு கிடைத்ததா என்று அறிய, குத்தியவர் சிரிஞ்சின் தண்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுப்பார். ரத்தம் ஒரு கீற்றாக உள்ளே சுழன்று வந்தால் நரம்பு கிடைத்துவிட்டது. பிறகு தண்டை முழுக்க அழுத்தினாலும், ஊசி வந்து பொருந்தும் கழுத்திடுக்கில் கொஞ்சம் ரத்தம் தங்கிவிடும். ஊசியைத் தனியே கழற்றக்கூடிய சிரிஞ்சில் இந்த இடுக்கு பெரிது. அங்கே ஹெபடைடிஸ் சி கிருமி 63 நாள் வரை உயிரோடு இருக்கக்கூடும் என்று ஆய்வகச் சோதனை காட்டியிருக்கிறது. ஊசி போகட்டும், பொடியைக் கரைக்கும் கரண்டி, வடிகட்டும் பஞ்சு, சிரிஞ்சை அலசும் தண்ணீர் மூன்றில் ஒன்று பொதுவாக இருந்தாலே கிருமி தொற்றப் போதும்.

எதிர்ப்பவர்கள் வழக்கமாக நீட்டும் சாட்சி கனடாவின் வான்கூவர். ஊசி வழங்கும் பெரிய திட்டம் இருந்தும் 1990களின் நடுவில் அங்கே எச்.ஐ.வி. பரவியது உண்மை. ஆனால் அங்கே பலர் குத்திக்கொண்டது கொக்கேய்ன். அதன் போதை சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் ஒரே நாளில் பத்து இருபது தடவை குத்துவார்கள். கொடுத்த ஊசிகள் அந்த வேகத்துக்குப் போதவில்லை. தங்கள் முடிவுகளைத் திரித்து வாதிடுகிறார்கள் என்று அந்தப் பரவலை ஆராய்ந்தவர்களே 1998இல் பத்திரிகையில் எழுதி மறுத்தார்கள். வாதம் செய்பவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. சரி, ஊசி போதையை வளர்க்கிறதா? அமெரிக்காவின் சியாட்டிலில் நடந்த ஆய்வொன்றில், ஊசி வழங்கும் மையத்துக்குப் புதிதாக வரத் தொடங்கியவர்கள், அந்தப் பக்கமே போகாதவர்களைவிட ஐந்து மடங்கு அதிகமாகப் போதை மீட்புச் சிகிச்சையில் சேர்ந்தார்கள். காரணம் எளிது. ஒளிந்து திரியும் ஒருவர் தானாக வந்து நிற்கும் ஒரே வாசல் அதுதான்.

அதே அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தின் ஸ்காட் கவுண்டியில் ஏறக்குறைய 24,000 பேர் வசிக்கிறார்கள். ஆண்டுக்கு ஐந்து பேருக்குக்கூட எச்.ஐ.வி. வராத இடம் அது. வலி மாத்திரையைக் கரைத்துக் குத்தும் பழக்கம் பரவி, 2015இல் தொற்று மளமளவென்று ஏறியது. கடைசியில் இருநூறைத் தாண்டியது. தொற்றியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஹெபடைடிஸ் சியும் இருந்தது. ஊசி வழங்குவதை ஏற்காத ஆளுநர் மைக் பென்ஸ் அந்த மார்ச்சில் அவசரநிலை அறிவித்து அனுமதி கொடுத்தார். தொற்று இறங்கியது. இறங்கிவிட்டதே, இனி எதற்கு என்று 2021இல் கவுண்டி ஆணையர்கள் இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் திட்டத்தை மூட முடிவெடுத்தார்கள். கொசு ஒழிந்ததென்று வலையைக் கிழிப்பவர்களை என்னவென்று சொல்வது?

இந்தியா இதை மணிப்பூரில் பட்டு அறிந்தது. மியான்மர் எல்லையிலுள்ள மோரே வழியாக 'நம்பர் ஃபோர்' ஹெராயின் வந்த மாநிலம் அது. ஊசி போடுவோரிடையே 1990 வாக்கில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது, சில மாதங்களிலேயே அவர்களில் பாதிப் பேரை அது எட்டியது. 1996இல் மணிப்பூர் தன் எய்ட்ஸ் கொள்கையில் 'தீங்கு குறைப்பை', அதாவது போதை நிற்காவிட்டாலும் அதன் கேட்டையாவது குறைக்கும் வழியை, ஏற்றுக்கொண்டது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தின் 22ஆம் பிரிவு, தொற்றைத் தடுக்க ஊசி வழங்குவதைக் குற்றமாகக் கருதக்கூடாது என்கிறது. ஆனால் சந்தில் நிறுத்திச் சட்டைப்பையைத் துழாவும் காவலருக்கு அந்தப் பிரிவு எட்டியிருக்க வேண்டுமே. ஊசியே வேண்டாத வழியும் உண்டு. வட சென்னையில் பலர் குத்திக்கொண்ட புப்ரெனார்ஃபின் என்ற வலி மருந்துதான், நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையாக, ஹெராயின் போன்றவற்றுக்குப் பதில் மருந்து தரும் அரசின் மாற்று மருந்து மையங்களில் கொடுக்கப்படுகிறது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். மருந்து அதேதான், ஊசி இல்லாததால் ரத்தம் கலக்க வழியில்லை.

ஊசி மட்டும் போதும் என்று சொல்வதும் தவறு. எச்.ஐ.வி.யைத் தடுக்கும் அளவுக்கு ஹெபடைடிஸ் சியை அது தனியாகத் தடுப்பதில்லை. மாற்று மருந்து அந்தத் தொற்றின் அபாயத்தைப் பாதியாகக் குறைக்கிறது. ஊசியும் சேர்ந்தால் குறைவு ஏறத்தாழ முக்கால் பங்கு. இந்தக் கிருமிக்குத் தடுப்பூசி கிடையாது. 2018இல் இந்தியாவில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இதற்கு இலவசமாக மாத்திரை கிடைக்கிறது. பெரும்பாலோர் பன்னிரண்டு வாரத்தில் குணமாகிறார்கள். குணமானவருக்கு எதிர்ப்புச் சக்தி எதுவும் மிஞ்சுவதில்லை. அடுத்த முறை அதே கரண்டியில் கை வைத்தால், பன்னிரண்டு வாரத்தையும் முதல் மாத்திரையிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.