குலுக்காத நடை... குதிரைக்கு மட்டும் வலி!

குதிரைச் சவாரின்னாலே 'இடுப்பு கழண்டுடும் பாஸ்' என்பார்கள். காரணம் இருக்கு. குதிரை துள்ளி ஓடும்போது குறுக்காக இரண்டிரண்டு கால்கள் சேர்ந்து விழும். நடுவில் ஒரு கணம் நான்கு கால்களுமே அந்தரத்தில் இருக்கும். திரும்பத் தரையைத் தொடும் அதிர்ச்சி நேராக நம் முதுகுக்கு வரும்.

அமெரிக்காவின் 'டென்னசி வாக்கிங் ஹார்ஸ்' வேற லெவல். இதன் 'ரன்னிங் வாக்' நடையில் நான்கு கால்களும் தனித்தனியாகத் தரையைத் தொடும். எப்போதும் ஏதாவது ஒரு கால் தரையில் இருக்கும். அதனால் வேகம் உண்டு, குலுக்கல் இல்லை. முன்னங்கால் பதித்த தடத்தையும் தாண்டிப் பின்னங்கால் விழும். தாளத்துக்கு ஏற்பத் தலை ஆடும். நாள் முழுக்கப் பண்ணையைச் சுற்றிவரவே இந்த இனத்தை வளர்த்தார்கள்.

இது அடித்துப் பழக்கிய நடை இல்லை, ரத்தத்தில் ஊறியது. இப்படி வித்தியாசமாக நடக்கும் குதிரை இனங்களில் 'டி.எம்.ஆர்.டி3' என்ற மரபணு மாறியிருப்பதை 2012-ல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

அப்புறம் என்ன பிரச்னை? போட்டி மேடைதான்! முன்னங்காலை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கும் 'பிக் லிக்' ஸ்டைலுக்குத்தான் அங்கே கைத்தட்டல். அதற்காகச் சிலர் கணுக்காலில் கடுகெண்ணெய், டீசல் போன்றவற்றைத் தடவிப் புண்ணாக்குகிறார்கள். அதன்மேல் சங்கிலி உரச, வலி தாங்காமல் குதிரை காலைத் தூக்கும். இதற்குப் பெயர் 'சோரிங்'.

1970-லேயே இதற்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது. ஆனால், சட்டம் தடுத்தது புண்ணாக்கிய குதிரையைப் போட்டிக்குக் கொண்டுவருவதை. சங்கிலிக்கும் குளம்புக்கும் லாடத்துக்கும் நடுவே வைக்கும் தடிமனான பட்டைகளுக்கும் இடம் இருந்தது. பரிசோதகர் காலை அழுத்தும்போது அசையாமல் நிற்க, குதிரையை அடித்துப் பழக்கிய கொடுமையும் நடந்தது. 'சங்கிலி, பட்டை இரண்டுக்குமே தடை' என அமெரிக்க வேளாண் துறை 2024-ல் புது விதி கொண்டுவந்தது. 'அவை மட்டுமே குதிரையைக் காயப்படுத்தாது' எனப் போட்டி நடத்துபவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 ஜனவரியில் டெக்சாஸ் ஃபெடரல் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது.

170 கிராம் சங்கிலி ஆரோக்கியமான காலுக்குப் பெரிய சுமை இல்லைதான். புண்ணான காலில் அதுவே ஆயுதம். புண்ணைத் தேடும் சட்டம் ஆயுதத்தை விட்டுவைத்தால் என்ன பயன்?

பட்டையும் சங்கிலியும் இல்லாமல், சாதாரண லாடத்தோடு நடக்கும் பிரிவுகளும் அதே போட்டிகளில் உண்டு. இந்தக் குதிரையின் உண்மையான அழகு அங்கேதான் இருக்கு. அடுத்த முறை ரீல்ஸில் ஒரு குதிரை காலை அநியாயத்துக்குத் தூக்கி நடந்தால், லைக் போடும் முன் அதன் குளம்பைக் கொஞ்சம் ஜூம் பண்ணிப் பாருங்க!