ஆடு தீண்டாத செடி



திருப்பருத்திக்குன்றத்தில் எங்கள் வீட்டருகே ஆடு மேய்க்கும் பாட்டி ஒருவர், வரப்பில் படர்ந்திருந்த கொடியைக் காட்டி, "எதையும் விட்டுவைக்காத ஆடு இதை மட்டும் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும், கண்ணு" என்றார். அதன் பெயரே ஆடுதீண்டாப்பாளை!

ஆனால் ஆடு தீண்டாததை நாம் தீண்டுகிறோம். வயிற்றுப் பூச்சிக்கு இச்செடியையும், பாம்புக் கடிக்கு இதே இனத்தைச் சேர்ந்த ஈசுவரமூலியையும் நாட்டுப்புறங்களில் நெடுங்காலமாகக் கொடுத்து வந்துள்ளனர்.

இவற்றில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்னும் நஞ்சு உண்டு. அது நம் உயிரணுவின் டி.என்.ஏ.யில் ஒட்டிக்கொண்டு, அடினைன் இருக்க வேண்டிய இடத்தில் தைமினை அமரச் செய்கிறது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். ஜக்கார்டு அட்டையில் ஒரு துளை தவறினால், சேலை முழுவதும் அத்தவறு திரும்பத் திரும்ப விழும் அல்லவா? அதுபோலவே, அணு பிரியும்தோறும் அப்பிழையும் தொடர்கிறது. இத்தகைய பிழைகள் சேர்ந்தே புற்றுநோய்க்கு வழிகோலுகின்றன.

பெல்ஜியம் நாட்டில் 1990களின் தொடக்கத்தில், உடல் இளைப்பதற்காக மூலிகை மருந்து உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. வேறொரு மூலிகைக்குப் பதிலாக இவ்வினச் செடி அதில் சேர்ந்துவிட்டதே காரணம். அவர்களுள் பலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. தைவானில் 98 பேரின் கல்லீரல் புற்றுக் கட்டிகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவில், 76 கட்டிகளில் இந்நஞ்சின் தடயம் காணப்பட்டது. கல்லீரல் புற்றுநோய்க்கு ஹெபடைடிஸ் கிருமி, மது முதலிய காரணங்களும் உண்டு. இந்நஞ்சு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் அதற்கும் பங்குண்டு என்பதை மறுக்க இயலாது.

"எங்கள் தாத்தா காலத்திலிருந்து சாப்பிடுகிறோம், ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். அன்று மாலையே கொல்லும் நஞ்சை அனுபவம் காட்டிக் கொடுக்கும். வலியின்றிப் புகுந்து, பல ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும் நஞ்சை ஆராய்ச்சிதான் காட்டும். முன்னோர் அறிவைப் பழிப்பது என் நோக்கமன்று. அவர்கள் அறிய வழியில்லாததை நாம் அறிந்துள்ளோம் என்பதே என் கருத்து.

ஆகவே பெற்றோரே, தோழியரே! பெயர் தெரியாத வேரையும் பொடியையும் உட்கொள்ள வேண்டாம். உண்ணும் மூலிகைகளை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். பாம்பு கடித்தால் வேரைத் தேடாமல் உடனே அரசு மருத்துவமனைக்கு விரைவோம். ஆட்டுக்கு இயற்கை தந்த எச்சரிக்கையை நமக்குக் கல்வி தந்திருக்கிறது. அதை வீட்டிலுள்ள பெரியோர்க்கும் பணிவுடன் எடுத்துச் சொல்வோம்!