கயிறு வலுவாக இருந்தால் மட்டும் போதுமா?

ஆகாயத்துக்கு ஏணி வைப்பது கதைகளில் நடக்கும் காரியம் என்றுதான் நாம் நினைத்திருந்தோம். விஞ்ஞானிகளோ அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிட்டார்கள். 1960-ல் யூரி அர்த்சுத்தானவ் என்ற ரஷ்ய இஞ்சினீயர் இந்த யோசனையை எழுதியது எதிலே தெரியுமா? ஒரு தினசரியின் ஞாயிறு பகுதியிலேதான்! பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஓர் உபகிரகம் சுற்றினால், அது ஒரே இடத்தில் நிற்பதாக நமக்குத் தோன்றும். அங்கிருந்து தரை வரை கயிறு தொங்கவிட்டு, அதில் வண்டியை ஏற்றலாம் என்றார் அவர். 2050-க்குள் இதைச் செய்து காட்டுவோம் என்று ஜப்பானின் ஒபயாஷி கம்பெனி 2012-ல் அறிவித்தது.

‘அவ்வளவு பாரம் தாங்கும் கயிறு உண்டா?’ என்றே எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், கிடைத்த கயிற்றை ஆடாமல் அடக்கி வைப்பது எப்படி? முதலில் விடை காண வேண்டியது இதற்குத்தான் என்பது நமது அபிப்பிராயம்.

கிணற்றில் தண்ணீர் இறைப்பவர்களுக்கு இது புரியும். ஆழத்தில் லேசாக ஆடும் வாளி, கயிற்றை இழுக்க இழுக்க அதிகமாக ஆடிச் சுவரில் மோதும். விண்வெளியிலும் இதே சங்கடம். உபகிரகத்தைக் கயிற்றில் கட்டி மெதுவாக வெளியே விட்டால் ஆட்டம் அடங்கும். திரும்பச் சுருட்டினால் வளரும். அதைத் தணிக்க அங்கே காற்றும் இல்லை.

ஏணியில் ஏறும் வண்டியும் சும்மா இராது. பூமத்திய ரேகையில் தரை மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே சுழல்கிறது. உச்சியில் நிற்கும் உபகிரகத்தின் வேகமோ 11,000 கிலோமீட்டருக்கு மேல்! ஏறும் வண்டிக்கு அந்த வேகத்தைக் கயிறுதான் கொடுத்தாக வேண்டும். அதனால் கயிறு மேற்கே சாயும், பிறகு ஊசலாடும்.

பரிகாரம் இல்லாமல் இல்லை. இழுவிசை கூடும்போது சற்று விட்டுக் கொடுத்து, குறையும்போது சுருட்டினால் ஆட்டம் தணியும். ஒரு வண்டி எழுப்பிய ஆட்டத்தை, நேரம் பார்த்து அனுப்பும் அடுத்த வண்டியைக் கொண்டே குறைக்கலாம்.

ஆனால் அனுபவம் என்ன சொல்கிறது? 1992-ல் அட்லாண்டிஸ் விண்கலத்திலிருந்து 20 கிலோமீட்டர் கயிறு விட நினைத்தார்கள். ஒரு போல்ட்டு இடறி, 256 மீட்டரோடு நின்றது. 1996-ல் கொலம்பியா விண்கலத்திலிருந்து 19.7 கிலோமீட்டர் வரை விட்டார்கள். மேலுறை பழுதான இடத்தில் மின்பொறி பாய்ந்து கயிறு அறுந்தது, உபகிரகம் பறிபோயிற்று. சுருட்டிப் பார்க்கும் பரீட்சைக்கே இடமில்லாமல் போயிற்று.

இந்தப் பரீட்சைகளுக்கு அதிசயக் கயிறு எதுவும் தேவையில்லை. இன்றுள்ள கயிறே போதும். அதைக் கொண்டு சிறு பரீட்சைகளைத் திரும்பத் திரும்பச் செய்யட்டும். 20 கிலோமீட்டர் கயிற்றை விட்டுச் சுருட்டப் பழகிய பிறகு, 36,000 கிலோமீட்டர் ஏணிக்கு நாள் குறிக்கலாம். அதற்கு முன் அதில் மனிதனை ஏற்ற நினைப்பது துணிச்சல் ஆகாது, அவசரமே ஆகும்.