பெயர் இல்லாத டிசைனர்கள்

ஏப்ரல் வந்துவிட்டால் நம் சேரிகளின் முகப்பெல்லாம் நீலமாகிவிடும். நடுவில் அண்ணலின் படம். கீழே ஸ்டாம்ப் அளவில் நாற்பது ஐம்பது முகங்கள்: நன்கொடை கொடுத்தவர், கொடுப்பதாகச் சொன்னவர், அவருடைய மைத்துனர் என்று எல்லாரும் இருப்பார்கள். மூலையில் ஃப்ளெக்ஸ் அடித்த கடையின் செல்பேசி எண்கூட இருக்கும். இரவெல்லாம் கண்விழித்து அதை வடிவமைத்த பிள்ளையின் பெயர் மட்டும் எங்கேயும் இருக்காது.

இந்தப் பிள்ளைகளை எங்களுக்கு நன்றாகத் தெரியும். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி ஜவ்வாது மலை தொடங்கும் இடத்தில் இருக்கிறது அமிர்தி. அங்கேயும் அடிவாரத்துச் சேரிகளிலும், மேலே மலையாளி என்னும் பழங்குடி மக்களின் ஊர்களிலும் நாங்கள் வேலை செய்கிறோம். இங்கே கல்லூரி முடித்த பிள்ளைகள் பலர் செல்பேசியிலும் பழைய லேப்டாப்பிலும் டிசைன் கற்றுக்கொண்டு, கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கடை லோகோ என்று வந்த வேலையைச் செய்கிறார்கள். யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை. ஃப்ரீலான்ஸ் என்ற சொல் கௌரவமாக இருக்கிறது, ஆனால் நம் ஊரில் அதற்குப் பழைய பெயர் அன்றாடக் கூலி.

அவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். டிடிபி சென்டருக்குப் பத்து ரூபாய் கம்மியாகச் செய்து கொடுக்கும் ஆள் என்ற நிலையிலிருந்து, 'இந்த வேலையா, அவரைக் கேளுங்கள்' என்று நாலு பேர் சொல்லும் நிபுணர் என்ற நிலைக்கு எப்படிப் போவது?

இணையத்தில் இதற்கு ஆயிரம் அறிவுரை உண்டு. போர்ட்ஃபோலியோ வையுங்கள், ஒரு துறையைத் தேர்ந்தெடுங்கள், தினமும் எழுதுங்கள், மேடைகளில் பேசுங்கள். எதுவும் பொய்யில்லை. ஆனால் நற்பெயர் என்பது வாயிலிருந்து வாய்க்குப் போவது, அந்த வாய்கள் எல்லாம் யாருடையவை என்ற கேள்வியை அந்த அறிவுரைகள் தொடுவதே இல்லை. சித்தப்பா விளம்பரக் கம்பெனியில் இருக்கிறார், கூடப் படித்தவன் பதிப்பகம் நடத்துகிறான், அப்பாவின் நண்பர் ஜவுளிக்கடை முதலாளி. முதல் மூன்று வேலை இப்படித்தான் வருகிறது. சமூகவியல் வகுப்பில் இதைச் சமூக மூலதனம் என்று படித்தோம். ஊரில் இதற்குப் பெயர் 'நம்ம பையன்'. யாருக்கு 'நம்ம', எந்தப் பையன் என்பதைச் சாதி முன்கூட்டியே எழுதி வைத்துவிடுகிறது.

இதில் மிகப் பெரிய சாட்சி அண்ணலே. அவர் கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்துவிட்டு 1917இல் நாடு திரும்பினார். பரோடா அரசு வேலையில் தங்குவதற்கு ஓர் அறைகூட இல்லாமல் விரட்டப்பட்டார். பிறகு பம்பாயில் பங்கு, முதலீடு குறித்து ஆலோசனை சொல்லும் தொழிலைத் தொடங்கினார். இன்றைய மொழியில் சொன்னால் ஃப்ரீலான்ஸ் கன்சல்டன்ட். அந்தக் காலத்து பம்பாயில் அவரைவிடத் தகுதியுள்ளவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆலோசனை நன்றாகத்தான் இருந்தது. சொல்பவர் யார் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். தொழில் படுத்துவிட்டது. 1918இல் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கே அவர் பொதுக் குடத்திலிருந்து தண்ணீர் குடிப்பதைச் சக பேராசிரியர்கள் எதிர்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நம் டிசைனர் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். 1919இல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் சொன்னார். 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றிய நூலை வெளியிட்டார். 1925இல் நாணயம் குறித்து விசாரிக்க ஹில்டன் யங் ஆணையம் வந்தபோது அதன் முன் பேசினார். எந்த வட்டம் அவரை 'நம்ம ஆள்' என்று சொல்ல மறுத்ததோ, அந்த வட்டத்தின் வாயை அவர் நம்பியிருக்கவில்லை. தனக்குத் தெரிந்ததைத் தன் பெயரில் எழுதிப் பொதுவில் வைத்தார். அச்சில் ஏறியதைத் தெரியாததுபோல் ஒதுக்கிவிட்டுப் போவது எளிதில்லை.

இதைக் கேட்டுவிட்டு, 'பார், திறமை இருந்தால் சாதி தடையில்லை' என்று யாராவது கிளம்பினால் விடாதீர்கள். லண்டன் முனைவர் பட்டம் வரை போய்த்தான் ஒருவர் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது என்பதே அநீதி. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் தனியார் வேலைகளுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு குடும்பப் பெயர்களில் அனுப்பிப் பார்த்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். தலித் என்று காட்டும் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம், படலாம்தான். ஆனால் போன் செய்யும் வாடிக்கையாளர், 'எந்த ஊரு தம்பி?' என்பார். ஊரைச் சொன்னால், 'ஊர்ல எந்தப் பக்கம்?' என்பார். அடுத்த போன் வராது.

சிலர் இதற்கு எதிர்த்திசையில் போயிருக்கிறார்கள். ரெட்டமலை சீனிவாசன் 1893இல் தன் இதழுக்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். நம் காலத்தில் சுதீர் ராஜ்பர் மும்பையில் தொடங்கிய சமார் ஸ்டூடியோ, வசவாகப் பயன்படுத்தப்பட்ட சாதிப் பெயரையே பிராண்டாக்கியது. மகாராஷ்டிரத்தில் 2015இல் வந்த மாட்டிறைச்சித் தடையால் தோல் வேலை இழந்தவர்களோடு சேர்ந்து, தோலுக்குப் பதில் மறுசுழற்சி ரப்பரில் பைகள் செய்தார்கள். பிறகு அவர்களுடைய நாற்காலிகள் மியாமி வடிவமைப்புக் கண்காட்சி வரை போயின. மதுபானி ஓவிய மரபில் இராமாயணக் காட்சிகள் இருந்த இடத்தில் புத்தரையும் அம்பேத்கரையும் வரைந்தவர் மாளவிகா ராஜ். சித்தேஷ் கௌதமின் அம்பேத்கர் படங்கள் நம் எல்லோருடைய செல்பேசியிலும் இருக்கின்றன, அவர் பெயர் தெரியாதவர்களிடமும்கூட.

இது எல்லாருக்குமான வழி என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அடையாளத்தைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் உரிமை. அதனால் வேலை போனால் வாடகை கட்டப்போவது நீங்கள்தான், மேடையில் உணர்ச்சியாகப் பேசும் நாங்கள் இல்லை. இன்னொரு வலையும் இருக்கிறது. ஏப்ரலில் அம்பேத்கர் சுவரொட்டிக்கு உங்களைத் தேடி வரும் நிறுவனம், டிசம்பரில் ஆண்டறிக்கை வடிவமைப்புக்கு வேறொருவரைத் தேடிப்போகும். நீலத்துக்கு நீங்கள், மற்ற நிறங்களுக்கெல்லாம் அவர்கள். உணர்வுக்கு நம்மை வைத்துக்கொண்டு அறிவுக்கு வேறு ஆளை அழைக்கும் இந்தப் பங்கீடும் சாதிதான், கொஞ்சம் மரியாதையான சாதி.

அப்படியானால் எதில் நிபுணராவது? நமக்கு மட்டும் தெரிந்தது எது என்று தேடுங்கள். எதுவுமில்லை என்றுதான் பிள்ளைகள் முதலில் சொல்வார்கள்.

வன உரிமைச் சட்டம் 2006 பற்றிய ஒரு துண்டறிக்கையை எடுத்துக்கொள்வோம். இதற்குப் பெரும்பாலும் என்ன படம் போடுகிறார்கள்? நாற்காலியில் ஓர் அதிகாரி, எதிரே கைகூப்பி நிற்கும் ஒரு பழங்குடி முதியவர். அந்தச் சட்டத்தில் உரிமையைத் தீர்மானிக்கும் வேலை கிராம சபையில்தான் தொடங்குகிறது. வட்டமாக உட்கார்ந்து பேசும் சனத்தை வரைய வேண்டிய இடத்தில் மனுக்கொடுக்கும் கிழவரை வரைந்தால், படிக்கத் தெரியாதவர் அந்தப் படத்திலிருந்து என்ன தெரிந்துகொள்வார்? அய்யாவிடம் போய்க் கெஞ்ச வேண்டும் என்றுதான். சென்னையில் குளிரூட்டிய அறையில் செய்த டிசைன் கண்ணுக்கு அழகாகவே இருக்கும். ஆனால் அது தப்பு என்று மலையில் பிறந்த பெண் ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். அதற்குப் பெயர்தான் நிபுணத்துவம்.

இன்னொன்று. நம் துண்டறிக்கைகள் வண்ணத்தில் வாழ்வது ஒரு நாள்தான். மறுநாள் யாரோ ஒருவர் ஜெராக்ஸ் எடுப்பார், அந்த ஜெராக்ஸை இன்னொருவர் ஜெராக்ஸ் எடுப்பார். அடர்நீலப் பின்னணியில் வைத்த அண்ணல் மூன்றாவது பிரதியில் கரும்பட்டையாகிவிடுவார், எழுத்து மூழ்கிவிடும். வாட்ஸ்அப்பில் நாலு குழு தாண்டினால் சின்ன எழுத்தெல்லாம் கரைந்துபோகும். மூன்றாவது ஜெராக்ஸிலும் படிக்க முடிகிற அறிக்கையை எப்படிச் செய்வது என்று எந்த டிசைன் பள்ளியில் சொல்லித்தருகிறார்கள்? பழைய எழுத்துருவில் அடித்த ஃபைலை யூனிகோடுக்கு மாற்றும்போது எந்த எழுத்து உடையும், எந்தக் கொம்பு காணாமல் போகும் என்பது டிடிபி சென்டரில் இரண்டு வருடம் குப்பை கொட்டிய தம்பிக்குத் தெரியும். மலையிலிருந்து இறங்கும் சாமை, தேன், புளி, பலா எல்லாம் பெயரில்லாமல் மூட்டையில் போய், வேறு யாருடைய பெயரோ ஒட்டிய பாக்கெட்டில் கடைக்கு வருகின்றன. அந்தப் பாக்கெட்டில் என்ன எழுதினால் விளைவித்தவருக்கு விலை நிற்கும் என்பதும் ஒரு டிசைன் கேள்விதான்.

இவற்றில் ஒன்றைப் பிடியுங்கள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் இரண்டு பக்கம் எழுதி வையுங்கள், தமிழிலேயே: என்ன கேட்டார்கள், முன்பு எப்படி இருந்தது, எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம், மக்கள் கையில் கொடுத்தபோது என்ன ஆனது. படத்தை மட்டும் காட்டினால் 'நல்லா இருக்கு' என்பார்கள். காரணத்தை எழுதினால் அடுத்த முறை டிசைனுக்கு முன்பே உங்களைக் கூப்பிட்டு யோசனை கேட்பார்கள். கூலிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் வருகிறது. ஓவியர் ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராக வேலை பார்த்துக்கொண்டே சிற்றிதழ்களுக்கும் புத்தகங்களுக்கும் தலைப்பெழுத்து எழுதினார். பெயரைப் பார்க்காமலே அது அவர் கை என்று தமிழ் வாசகர்கள் சொன்னார்கள். அந்த நிலை வரும்வரை நாம் பெயரைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

பெயர் இல்லாத திறமைக்கு என்ன நேரும் என்பதற்கு இந்த மலையைவிட வேறு சாட்சி வேண்டாம். மரம் வெட்டுவதில் இங்குள்ளவர்களின் கை எவ்வளவு தேர்ந்தது என்று செம்மரத் தரகர்களுக்குத் தெரிந்திருந்தது. முன்பணம் கொடுத்து அழைத்துப்போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள், ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள் அதில் பலர். திறமையின் விலை தரகருக்குத் தெரிந்தது. அவர்களுடைய பெயர் பிணமான பிறகுதான் செய்தித்தாளில் வந்தது. டிசைன் வேலையை இதோடு ஒப்பிடுவது அதிகம் என்று சிலர் நினைக்கலாம். படித்த பிள்ளைகளுக்குக் கீழே இறங்கி வேலை தேடும் வழிகள் எவ்வளவு குறைவு என்று அறிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

இனி காசு. பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 57ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் 'இது என் படைப்பு' என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் படைத்தவருக்கே வைத்திருக்கிறது. வாடிக்கையாளர் பணம் கொடுத்துவிட்டதால் உங்கள் பெயர் அழிந்துவிடாது. உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, கேட்பவர் ஏமாற்றுகிறார். பதிவு செய்துவிட்டு வேலையை ஒப்புக்கொண்டால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில் சட்டப்படி உங்களுக்குச் சேர வேண்டிய பணத்தை 45 நாளைத் தாண்டி இழுக்க முடியாது. இழுத்தால் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. முறையிட ஒரு மன்றமும் இருக்கிறது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்கும் பொருள், சேவைகளில் 4 சதவீதம் எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோரிடமிருந்து வாங்க வேண்டும் என்ற கொள்கையும் உண்டு. ஆண்டறிக்கையும் விளம்பரமும் அந்தச் சேவைகளில் அடங்கும். இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு பாதி அட்வான்ஸ் வாங்காமல் ஃபைலைத் திறக்காதீர்கள்.

இயக்கங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒலிபெருக்கிக்காரருக்குக் காசு, பந்தல்காரருக்குக் காசு, வேனுக்குக் காசு. டிசைனருக்கு மட்டும் 'ஜெய் பீம் தோழர், நம்ம வேலைதானே'. ராத்திரி பதினொரு மணிக்கு ஏழாவது கரெக்ஷன் சொல்லும்போது அது நம்ம வேலையாக இருப்பதில்லை, நம் உத்தரவாக இருக்கிறது. உழைப்புச் சுரண்டலைப் பற்றிய கருத்தரங்கின் அழைப்பிதழையே ஓசியில் அடித்து வாங்கியவர்கள் உண்டு. முடியாதபோது காசு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடலாம். பெயர் போடுவதற்கு ஒரு பைசாவும் ஆகாது. அந்த ஒரு வரி, அடுத்த வேலைக்குப் போகும் பிள்ளையின் கையில் இருக்கும் ஒரே சிபாரிசுக் கடிதமாகவும் இருக்கலாம்.

இந்த ஆண்டிலிருந்து எங்கள் நிகழ்ச்சிகளின் செலவுப் பட்டியலில் வடிவமைப்புக்குத் தனி வரி வைக்கிறோம். அறிக்கையில் 'வடிவமைப்பு' என்று எழுதி, பெயரும் மின்னஞ்சலும் சேர்த்துப் போடுகிறோம். கல்லூரிகளில் வாசகர் வட்டம் நடத்தும் மாணவர்களும் இதைச் செய்யலாம். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்டால், மூன்றாவது ஜெராக்ஸிலும் படிக்க முடிய வேண்டும். எந்த இடத்தில் என்று கேட்டால், நன்கொடையாளர் முகங்களுக்கு மேலே.