பழைய காருக்குப் புதிய ஆசனப்பட்டி

யாழ்ப்பாணத்தில் ஓடிய மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் எம்மவர்கள் இன்னும் மறக்கவில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி நோயாளிகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தவை அந்தக் கார்கள். அந்தப் பாசத்தில் இங்கு பிரித்தானியாவிலும் சிலர் அவற்றை வாங்கி, புதிதாக வர்ணம் பூசி, கலியாண வீடுகளுக்குக் கொண்டுவருகிறார்கள். பார்க்க எமக்கும் ஆசைதான்.

ஆனால் அண்மையில் ஒரு கலியாணத்தில் அப்படியொரு காரின் முன் ஆசனத்தில், தாயின் மடியில் இரண்டு வயதுக் குழந்தையைக் கண்டோம். "பழைய கார்தானே டொக்டர், சட்டத்தில் விலக்கு இருக்கு" என்றார் உரிமையாளர். அவர் சொன்னது பாதிதான் சரி. ஆசனப்பட்டி இல்லாமல் தயாரிக்கப்பட்ட காரில் பெரியவர்கள் பட்டி இன்றிப் பயணிக்கலாம். 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஏற்றவே கூடாது. அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் பின் ஆசனத்தில் மட்டுமே இருக்கலாம்.

சட்டம் விலக்கு அளித்தாலும் உடம்புக்கு விலக்கு இல்லை. மணிக்கு 30 மைல் வேகத்தில் சுவரில் மோதுவது, ஏறத்தாழ 30 அடி உயரத்தில் இருந்து விழுவதற்குச் சமம். அந்த வேகத்தில் எந்தத் தாயாலும் குழந்தையைக் கையில் பிடித்து வைத்திருக்க முடியாது.

சிலர் வர்ணம் பூசக் கழற்றிய பழைய பட்டியையே திரும்பப் பூட்டுகிறார்கள். இது தவறு. வெயிலாலும் தேய்மானத்தாலும் பட்டியின் நெசவு பலமிழக்கும். விபத்தில் இழுபட்ட பட்டியை மறுபடி பாவிக்கவே கூடாது. பட்டி புதிதாக இருந்தாலும், அது பூட்டப்படும் தகடு துருப்பிடித்திருந்தால் மோதலில் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். துருவை வெட்டி எடுத்து, பின்பக்கம் உருக்குத் தகடு வைத்துப் பலப்படுத்திய பின்பே பூட்ட வேண்டும்.

இடுப்புப் பட்டி மட்டும் போதாது. அது வயிற்றுக்கு ஏறினால் குடலும் முள்ளந்தண்டும் காயப்படும். 1959இல் வொல்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் உருவாக்கிய மூன்று முனைப் பட்டி, அடியை இடுப்பெலும்பு, நெஞ்சுக்கூடு, தோள் எலும்பு ஆகியவற்றுக்குப் பங்கிடுகிறது. முடிந்தவரை அதையே பூட்டுங்கள். கர்ப்பிணிகள் கீழ்ப்பட்டியை வயிற்றுக்குக் கீழே, இடுப்போடு சேர்த்து அணிய வேண்டும்.

40 வருடத்துக்கு மேற்பட்ட, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே மாதம் முதல் வருடாந்த எம்.ஓ.ரி. பரிசோதனை கட்டாயமில்லை. ஆகவே துருவையும் பட்டியையும் வேறு எவரும் பார்க்கப்போவதில்லை. அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் காட்டுவது உரிமையாளரின் பொறுப்பு. வர்ணத்துக்குச் செலவழித்த காசில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

குண்டுவீச்சில் இருந்து பிள்ளைகளைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவர்கள் நாம். கலியாண ஊர்வலத்தில் அவர்களைப் பறிகொடுக்கலாமா? பட்டி சரியாகப் பூட்டும்வரை, அந்தக் காரைப் படம் எடுக்க மட்டும் வைத்துக்கொள்வோம்.